ஒரு இணையதளத்தை எப்படி விசாரிப்பது? பள்ளிப் பிள்ளைகளுக்கான முதல் பாடம்

ஐப்பசி பிறந்து வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ராத்திரி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் தேடுவார்கள்: நாளைக்கு லீவா? தேடினால் பக்கம் பக்கமாக வந்து நிற்கும். "டெல்டா மாவட்டங்களில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. எந்த மாவட்டம்? தஞ்சாவூரா, திருவாரூரா, நாகப்பட்டினமா, மயிலாடுதுறையா? விடுமுறை விடுவது அந்தந்த மாவட்ட ஆட்சியர். திருவாரூருக்கு லீவு என்பதால் தஞ்சாவூருக்கும் லீவு என்று ஆகிவிடாது. அந்த "நாளை" எந்த வருடத்து நாளை என்பதும் பல பக்கங்களில் தெரியாது.

லீவு விஷயத்தில் ஏமாந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இதே பிள்ளைதான் பத்தாவது ரிசல்ட் பார்க்கிறது, உதவித்தொகைக்கு மனுப் போடுகிறது, கல்லூரி தேடுகிறது. வீட்டில் அப்பா "இந்த மருந்தை நெல்லுக்கு அடிக்கலாமான்னு பாருப்பா" என்று போனை நீட்டுகிறார். அம்மா சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்கிறார். நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இணையத்தைப் படித்துச் சொல்கிறவர் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் ஒரு பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கு எதை நம்பலாம் என்று பார்க்கத் தெரிந்தால் குடும்பமே பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் இதைக் கணினிப் பாடத்தின் கடைசி அலகாக ஒதுக்காமல், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதற்குச் சமமாக நினைக்க வேண்டும் என்கிறேன்.

வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் முறை

பல வருடங்களாகப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல்தான் புழக்கத்தில் இருக்கிறது. தளம் ஒழுங்காக வடிவமைக்கப்பட்டிருக்கிறதா, எழுத்துப்பிழை இருக்கிறதா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, "எங்களைப் பற்றி" பக்கம் இருக்கிறதா, முகவரி டாட் காமா, டாட் ஆர்க்கா என்று ஒவ்வொன்றாக டிக் அடிப்பது. இணையம் புதிதாக வந்த காலத்தில் இது ஓரளவு உதவியது. இப்போது இந்தப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கலாம், பலவற்றை இலவசமாகவே செய்துகொள்ளலாம். அழகான வடிவமைப்புக்கு ஆயத்த வார்ப்புகள் கிடைக்கின்றன. எழுத்துப்பிழை இல்லாத தமிழை செயற்கை நுண்ணறிவுச் செயலி நொடியில் எழுதித் தருகிறது. டாட் ஆர்க் முகவரியைத் தொண்டு நிறுவனம்தான் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. நீங்களும் வாங்கலாம், நானும் வாங்கலாம்.

முகவரிப் பட்டையில் இருந்த பூட்டுப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பூட்டு இருந்தா பாதுகாப்பான சைட்டு" என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். நமக்கும் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பூட்டு. அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. மோசடித் தளங்களிலும் அதே பூட்டு இருக்கும். மக்கள் அதை நம்பகத்தின் முத்திரையாகத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் கூகுள் தன் க்ரோம் உலாவியில் 2023இல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

தோற்றத்தை வைத்துத் தளத்தை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிவின் விளிம்பில் இருக்கிறது, காப்பாற்றுங்கள் என்று 1998இல் அமெரிக்காவில் ஒருவர் விளையாட்டாக ஒரு தளம் தொடங்கினார். படம், வாழிட விவரம் எல்லாம் போட்டு அசல் மாதிரியே செய்திருந்தார். பின்னாளில் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 25 பேருக்கு அதைக் காட்டினார்கள். இணையத்தில் நன்றாகப் படிக்கிறவர்கள் என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் அவர்கள். கிட்டத்தட்ட எல்லோருமே நம்பிவிட்டார்கள்.

தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த சோதனையின் முடிவு 2017இல் வெளிவந்தது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பதையே வேலையாகச் செய்கிறவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். எல்லோரிடமும் குழந்தை மருத்துவர்களுக்கான இரண்டு அமைப்புகளின் இணையதளப் பக்கங்களைக் கொடுத்து, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் மருத்துவர்களை உறுப்பினர்களாகக் கொண்ட பெரிய அமைப்பு. மற்றொன்று, கொள்கைச் சண்டையில் 2002இல் அதிலிருந்து பிரிந்துபோன ஒரு சிறு குழு. பெயர்கள் கேட்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். தளங்களும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சிறு குழுவின் பக்கத்தைத்தான் நம்பகமானது என்றார்கள். வரலாற்று முனைவர்களிலும் பலர் தடுமாறினார்கள். இவர்கள் சோம்பேறிகள் இல்லை. பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள், அடிக்குறிப்பைப் பார்த்தார்கள், நடையை எடைபோட்டார்கள். சரிபார்ப்பாளர்களோ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தை விட்டு வெளியே போய்விட்டார்கள். புதிய டேப் திறந்து அந்த அமைப்பின் பெயரைத் தேடினார்கள். மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்கள். பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள், அதுவும் மற்றவர்களைவிடச் சீக்கிரமாக. இந்த முறைக்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

நமக்கு இது புதிதும் இல்லை. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் தரும் பயோடேட்டாவை மட்டும் படித்துவிட்டுத் தட்டை மாற்றுகிறோமா? அந்த ஊரில் யாராவது தெரிந்தவர்களைப் பிடித்து, "அந்தக் குடும்பம் எப்படி, பையன் எப்படி" என்று கேட்கிறோம். பயோடேட்டா எவ்வளவு அழகாக அச்சடிக்கப்பட்டிருந்தாலும் விசாரிக்காமல் விடுவதில்லை. இணையதளத்தையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

நெல்லை வைத்து ஒரு பயிற்சி

வகுப்பில் செய்து பார்க்க டெல்டாப் பிள்ளைகளுக்கு நெல்லைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஜூனில் விதைக்கிற குறுகியகாலப் பருவமான குறுவையைப் பற்றி ஒரு பக்கம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "குறுவைக்கு அள்ளித்தரும் ரகம் சிஆர் 1009." பச்சைப்பசேல் என்று வயல் படம், ஒரு விவசாயியின் பேட்டி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கு, கீழே விதைக்குத் தொடர்புகொள்ள ஒரு போன் நம்பர்.

அந்தப் பக்கத்திலேயே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் உண்மை தெரியாது. மாணவரைப் புதிய டேப் திறக்கச் சொல்லுங்கள். "சிஆர் 1009 நெல் வயது" என்று தேடட்டும். முடிவுகள் வந்ததும் முதலில் இருப்பதை உடனே தட்டக் கூடாது. இந்த ஒரு பழக்கத்தை வரவழைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம், வந்துவிட்டால் பலனும் அதிகம். முதல் ஒன்றிரண்டு முடிவுகள் விளம்பரமாக இருக்கலாம், அதன் மேல் சின்ன எழுத்தில் அப்படி எழுதியும் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு பட்டியலை மேலும் கீழும் ஒருமுறை படிக்க வேண்டும்: இதில் யார் யார் பேசுகிறார்கள்? விதைக் கடை, யூடியூப் சேனல், செய்தித்தாள், வேளாண் பல்கலைக்கழகம். எதை முதலில் திறக்கலாம் என்று அதற்குப் பிறகு முடிவு செய்யட்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம் தமிழிலேயே இருக்கிறது. அங்கே போனால் சிஆர் 1009 என்பது 155 முதல் 160 நாள் வரை போகிற நீண்டகால ரகம், சம்பாவுக்கானது என்று தெரியும். குறுவைக்குப் போடுகிற ஏடிடி 36, ஏடிடி 37, ஏடிடி 43 எல்லாம் 105, 110 நாள் ரகங்கள். இப்போது கணக்குப் போடச் சொல்லுங்கள். ஜூனில் விதைத்தால் 110 நாள் பயிர் மழைக்கு முன்னால் களத்துக்கு வந்துவிடும். 155 நாள் பயிர் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது கதிரோடு வயலில் நிற்கும், சாய்ந்து முளைத்துவிடும். இதே கேள்வியை வீட்டில் தாத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள். "ஆயிரத்தொன்பதையா குறுவைக்குப் போடுவாங்க?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். தாத்தாவும் பல்கலைக்கழகமும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொல்வதைப் பார்க்கும்போது, ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகள் என்றால் என்ன என்பது பிள்ளைக்குப் புரியும்.

இந்த இடத்தில் நின்று இரண்டு கேள்விகளைப் பேச வேண்டும். முதலாவது, பல்கலைக்கழகத்தை ஏன் நம்புகிறோம்? அரசாங்கம் என்பதால் மட்டும் இல்லை. ஆடுதுறையில் 1922 முதல் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏடிடி என்ற எழுத்துகளே ஆடுதுறையைக் குறிப்பவைதான். சிஆர் ரகம் ஒடிசாவின் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. ரகங்களை வயலில் வைத்துச் சோதித்து, வயதையும் விளைச்சலையும் பதிவு செய்வது இவர்களின் வேலை. தப்பாகச் சொன்னால் கேள்வி கேட்க ஆள் உண்டு. ஆனால் இதே தளத்தில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடினால் அந்த நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது. எந்த விஷயத்தில் யாருக்குத் தெரியும் என்பது விஷயத்துக்கு விஷயம் மாறும்.

இரண்டாவது, சொல்கிறவருக்கு இதில் என்ன லாபம்? விதை விற்பது குற்றமில்லை, விதைக்காரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் போன் நம்பரைப் பார்த்ததும் இவர் சொல்வதை இன்னொரு இடத்தில் கேட்டுக்கொள்வோம் என்று மனதில் பட வேண்டும்.

முகவரியின் வால்

முகவரியை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை, படிக்கத் தெரிந்தால் பயன் உண்டு. ஜிஓவி டாட் இன், என்ஐசி டாட் இன் என்று முடிபவை அரசுத் தளங்கள். ஏசி டாட் இன் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் தரப்படுகிறது. டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் ஆகியவை யாருக்கும் கிடைக்கும். பார்க்க வேண்டியது முகவரியின் வாலை. பொதுத்தேர்வு முடிவுகள் டிஎன்ரிசல்ட்ஸ் டாட் என்ஐசி டாட் இன் என்ற தளத்தில் வருகின்றன. "டிஎன்ரிசல்ட்ஸ்-என்ஐசி-இன் டாட் காம்" என்று ஒன்று வந்தால் அதில் "என்ஐசி" என்பதும் இருக்கிறது, "இன்" என்பதும் இருக்கிறது, ஆனால் வால் டாட் காம். அது யாருடையதாகவும் இருக்கலாம். இலவச லேப்டாப், உதவித்தொகை என்று வரும் இணைப்புகளில் இந்த ஒன்றைப் பார்க்கத் தெரிந்தாலே நிறைய பிள்ளைகள் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கண்ட இடத்தில் கொடுக்காமல் தப்பிக்கலாம்.

பத்துத் தளம் சொன்னால் பத்து சாட்சியா?

பக்கவாட்டில் போய்த் தேடும்போது ஒரு குழி இருக்கிறது. "தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று தேடிப் பாருங்கள். அப்படியே சொல்லும் பக்கங்கள் எக்கச்சக்கமாக வரும். "இத்தனை பேர் சொல்றாங்க சார், அப்ப உண்மைதானே" என்று பிள்ளை கேட்கும். அந்தப் பக்கங்களில் நான்கைத் திறந்து வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே வாக்கியம், சில சமயம் ஒரே எழுத்துப்பிழைகூட இருக்கும். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், எண்ணிக்கை எவ்வளவு ஆனாலும் சாட்சி ஒன்றுதான். சரி, நிழல் விழுகிறதா இல்லையா? தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு இணையமே வேண்டாம். காலையிலோ சாயங்காலமோ கோயிலுக்குப் போய் நின்றால் நிழல் நீளமாக விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

அதே கோயிலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதைக் கட்டியவர் யார் என்பதிலேயே 19ஆம் நூற்றாண்டில் குழப்பம் இருந்தது. கரிகாலன் என்றார்கள், தலபுராணத்தை வைத்து வேறு சோழன் பெயரையும் சொன்னார்கள். சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் ராஜராஜன் என்பது ஐயமில்லாமல் நிலைபெற்றது. அவற்றை ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இன்றும் படிக்கலாம். தான் கொடுத்ததையும், அக்கன் கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிட்டதை அங்கே காணலாம். யார், என்ன, எவ்வளவு என்று பெயரோடு பதிந்த மூலம் அது. ஒரு கூற்று எங்கிருந்து கிளம்பியது என்று அடியைத் தேடிப் போவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இல்லை.

உண்மையான செய்தி, தவறான நேரம்

"மேட்டூர் அணை மே 24ஆம் தேதி திறப்பு" என்று ஒரு செய்தி கிடைத்தால் அது பொய்யா? 2022இல் அது நடந்தது. வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் அணையை அந்த வருடம் முன்கூட்டியே திறந்தார்கள். அந்தச் செய்தியை இந்த வருடத்துச் செய்தியாக நினைத்து நாற்றங்கால் போட்டால்தான் வம்பு. படங்களும் இப்படித்தான். சாய்ந்து கிடக்கும் தென்னந்தோப்பின் படம் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலில் எடுத்ததா, இப்போதைய புயலில் எடுத்ததா? கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால் இதற்கு முன் அது எங்கெங்கே வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும்.

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஸ்டான்ஃபோர்டு சோதனையில் சரிபார்ப்பாளர்களே விக்கிப்பீடியாவுக்குத்தான் அடிக்கடி போனார்கள். கட்டுரையின் அடியில் இருக்கும் சான்றுகளைப் பிடித்துக்கொண்டு மேலே நடக்க அது வசதியான வாசல். அங்கேயே நின்றுவிடுவதுதான் தப்பு. தேடலின் உச்சியில் இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்துக்கும் இதே விதிதான்: கீழே எந்தத் தளத்தைக் காட்டுகிறதோ அங்கே போய், அது சொன்னது அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பரவிவரும் வதந்திகளைப் பொறுத்தவரை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2019 முதல் இயங்குகிறது, தமிழ்நாடு அரசுக்கும் தகவல் சரிபார்ப்பகம் உண்டு, யூடர்ன் போன்ற தனியார் முயற்சிகளும் தமிழில் இருக்கின்றன. இவற்றையும் விசாரிக்கலாம். அரசைப் பற்றிய புகார் ஒன்றை அரசின் பிரிவே சரிபார்க்கும்போது, இன்னொரு இடத்திலும் பார்த்துக்கொள்வது நல்லது.

சந்தேகத்தை மட்டும் கற்றுக்கொடுத்தால்

இந்தப் பாடத்தில் எனக்கு உள்ள பெரிய கவலை வேறு. பொய்த் தளங்களாகவே காட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் "நெட்ல வர்றது எல்லாமே டூப்பு சார்" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். எதையும் நம்பாதவரும் எல்லாவற்றையும் நம்புகிறவரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்கள்: தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வது. வானிலை ஆய்வு மையத்தின் புயல் எச்சரிக்கையையும் டூப்பு என்று ஒதுக்குகிற பிள்ளையை உருவாக்கிவிடக் கூடாது. அதனால் பயிற்சிக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதி உண்மையானவையாக இருக்கட்டும். பார்க்கச் சுமாராக இருந்தாலும் சரியான தகவல் தரும் அரசுத் தளம் ஒன்றை வேண்டுமென்றே சேருங்கள். "இதை நம்பலாம், இன்ன காரணத்தால்" என்று சொல்லத் தெரிவதும் இந்தப் பாடம்தான்.

வீட்டில் பெரியவர்கள் அனுப்பும் செய்திகளைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேச வேண்டியிருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அனுப்பியதைப் பொய் என்று முகத்திலடித்த மாதிரி எழுதினால் பாடம் அன்றோடு முடிந்துவிடும். "மாமா, இது எங்க வந்துச்சு? நானும் படிக்கிறேன்" என்று தனியாகக் கேட்டால் மாமாவே ஒருமுறை தேடிப் பார்ப்பார்.

கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியை அடையாளம் காணும் வகுப்புகளை நடத்தியது. நம் பள்ளிகளிலும் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரே ஒரு கூற்று போதும். ஹைடெக் லேப் இருந்தால் அங்கே செய்யலாம். இல்லாவிட்டால் தேடல் முடிவுகளின் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, "எதை முதலில் திறப்பீர்கள், ஏன்?" என்று கேட்டாலே பாதிப் பாடம் ஆகிவிடும்.

மதிப்பெண் போடுவதாக இருந்தால் பிள்ளை போன வழிக்குப் போடுங்கள். என்ன தேடினாய், எதைத் திறந்தாய், யார் சொல்கிறார், வேறு யார் சொல்கிறார், எந்தத் தேதி என்று நான்கைந்து வரிகள் எழுதினால் போதும். "தேடிய வரைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று எழுதி, அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னால் முழு மதிப்பெண் கொடுங்கள். நெல் மருந்தென்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், மாத்திரையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், உதவித்தொகையென்றால் தலைமையாசிரியர்.